ஆறாம் நம்பர் இலக்கில் பத்துத் துளைகள்

அத்தியாயம் ஐந்து

சோடா தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரு காரியம் செய்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து அறையில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

அவன் அப்போது துப்பாக்கி கிளப்பின் அலுவலக அறையில், சுவரோரம் நின்று, ஒரு காகிதத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன்னைத்தானே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில், ஒரு தீப்பெட்டியை வைத்தால் மறைந்துவிடுகிற இடத்துக்குள், பத்துத் துளைகள். மூலையில் ஆறு என்று அச்சடித்திருந்தது. ஆறாம் நம்பர் பாயில் படுத்துச் சுட்டவன் சோடா.

அவனாலேயே நம்ப முடியவில்லை என்பதுதான் நிஜம். கண்ணாடியைக் கழற்றினால் தலையணைக்கும் நாய்க்குட்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அவன். கண்ணாடியோ சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை மனைவி மட்டும் எப்போதாவது, அதுவும் கோபம் வந்தால், சொல்லுவாள்.

படத்தைக் குடும்பக் குழுவில் போட்டான். உடனே மச்சினன் பதில் அனுப்பினான். "சூப்பர் மாமா. யார் சுட்டது?"

பொறாமை பிடித்தவன் என்று சோடா முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது. மனைவி. "எனக்குத் தெரியும். நீங்க மனசு வெச்சா எதையும் செய்வீங்க." கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை. சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அழுகைச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

* * *

அவனும் மேடமும் இங்கே வந்து சேர்ந்ததே ஒரு குடையால்தான். மேடம் என்றால் அவனுடைய முதலாளி; சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவர். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஆபத்துன்னு வந்தா உங்ககிட்ட துப்பாக்கி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் சோடா, "குடை இருக்கு சார்" என்றான். வாடிக்கையாளர் எழுந்து போய்விட்டார். மேடம் எதுவும் திட்டவில்லை. வாரக் கடைசித் துப்பாக்கிப் பயிற்சிக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். சோடாவுக்குத் திட்டே பரவாயில்லை என்று இருந்தது.

பயிற்சிக்கு என்று வந்த இரண்டு நாளும் மழை. நேற்று முழுக்க இந்த அறையில் உட்கார்ந்து பாடம். துப்பாக்கியின் வாயை எப்போதும் இலக்குப் பக்கமே வைக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நடந்தால் வானத்தைப் பார்க்கப் பிடிக்க வேண்டும், சுடும் நேரம் வரும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்று கோச் திருப்பித் திருப்பிச் சொன்னார். கோச் ஒரு கறாரான பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவர் "ம்" என்றால் எட்டுப் பேரும் எழுந்து நிற்பார்கள்.

இன்று காலை மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து எல்லோரையும் சுடும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். நீளமான தகரக் கூரை. அதன் கீழே எட்டு ரப்பர் பாய்கள், ஒவ்வொன்றிலும் நம்பர். எதிரே திறந்த வெளி. வெளியின் கடைசியில் எட்டு இலக்குகள், ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு நம்பர் பலகை. அவற்றுக்குப் பின்னால் குண்டுகளை வாங்கிக்கொள்ள உயரமான மண்மேடு. மேட்டின் உச்சியில் ஒரு கம்பம், அதில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிகிற நேரத்தில் கொட்டகையை விட்டு யாரும் முன்னால் போகக் கூடாது.

கூரையின் வலது கோடியில் தகரம் ஓட்டை. எட்டாம் பாய் இருக்க வேண்டிய இடத்தில் குளம். அதனால் கோச் எல்லாப் பாய்களையும் ஓர் இடம் இடது பக்கமாக இழுத்துப் போடச் சொன்னார். பிறகு அவரவர் பாயில் படுத்தார்கள். மேடம் மூன்றாம் பாயில் படுத்தார். படுப்பதற்கு ஒருவரும் பிறகு எழுந்திருப்பதற்கு இரண்டு பேரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. சோடா ஆறாம் பாயில் படுத்து, எல்லோரும் முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு, தாடையைக் கையில் ஊன்றிக்கொண்டு காத்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தான். மறுபடி படிந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. கோச் அவனுக்குப் பின்னால் மடக்கின குடையோடு நின்று, "அவசரமே இல்ல சார், நாளைக்குக் காலையிலகூட முடிக்கலாம்" என்றார்.

அப்படிச் சுட்டதற்குத்தான் பத்துக்குப் பத்து. ஈரக் காகிதங்களைக் கொண்டுவந்து அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டபோது கோச் ஆறாம் நம்பர் முன்னால் வெகுநேரம் நின்றார். "எனக்குத் தெரிஞ்சு இப்படிச் சுடறது ஒரே ஒருத்திதான்" என்றார். சோடா கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒருத்தி யார் என்று கேட்கத் தோன்றவில்லை. தன்னைப் பற்றி நல்லதாக யாராவது பேசினால், நடுவில் புகுந்து கேள்வி கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

* * *

பக்கத்து அறை, சாமான்கள் வைக்கிற அறை. மணல் மூட்டைகளின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏழாம் பாயில் படுத்துச் சுட்டவள். கோச்சின் மகள். வாசலில் கோச் நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் பக்கத்தில் கிளப்பின் செயலாளர். தொழிலில் பல் டாக்டர். கையில் ஒரு சொத்தைப் பல்லைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் எதையோ பிடித்திருந்தார். உடைந்த சிவப்புக் கண்ணாடி.

"மேட்டு மேல இருக்கிற விளக்கு" என்றார் டாக்டர். "குண்டு பட்டுச் சிதறியிருக்கு. காலையில நானே சுவிட்ச் போட்டேன், நல்லா எரிஞ்சுது."

மேடம் பிஸ்கட் மென்றுகொண்டே பின்னால் வந்து நின்றார். "விளக்குதானே டாக்டர்? புதுசு வாங்கிப் போட்டா போச்சு."

"விளக்கு பெரிசில்லை மேடம். இன்னும் கொஞ்சம் மேல போயிருந்தா குண்டு மேட்டைத் தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் ரோடு. யாராவது நடந்து போயிருந்தா?" டாக்டரின் குரல் நிஜமாகவே நடுங்கியது. "இங்க இதுதான் சட்டம். மேட்டுக்கு மேல சுட்டவங்க அதுக்கப்புறம் துப்பாக்கியைத் தொடக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

"யார்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் கொடியைக் காட்டினார். எட்டுக் காகிதங்களில் ஏழில் துளைகள் இருந்தன. சிலதில் பத்து, சிலதில் ஏழெட்டு, மேடத்துடையதில் மூன்று. ஏழாம் நம்பர் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி வெள்ளையாகத் தொங்கியது.

"மத்தபடி தவற விட்டவங்க துளையெல்லாம் வட்டத்துக்குக் கீழதான் இறங்கியிருக்கு. இதுல பத்துக் குண்டும் வெளியே போயிருக்கு" என்றார் டாக்டர். "வேற யாரைச் சொல்ல?"

"நான் பத்தும் உள்ளதான் போட்டேன்!" உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "எனக்குத் தெரியும்மா. விசையை இழுக்கும்போதே தெரியும்."

கோச் மகள் பக்கம் திரும்பவில்லை. "அடுத்த வாரம் இவளுக்கு அணித் தேர்வு" என்றார் மேடத்திடம், யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல. "பத்து வயசுல துப்பாக்கி எடுத்தவ. ஆனா என் பொண்ணுங்கறதுக்காக நான் காரணம் தேடினேன்னு பேர் வரக் கூடாது. பயிற்சி முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் நானே தடையைச் சொல்லிடறேன் டாக்டர்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். குடையை எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் கடைசி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். "பயிற்சி முடியற வரைக்கும் நாங்க கொஞ்சம் சுத்திப் பார்க்கலாமா டாக்டர்?"

"தாராளமா. ஆனா மழை."

"எங்ககிட்ட குடை இருக்கு" என்றார் மேடம். சோடாவைப் பார்க்காமலே சொன்னார்.

* * *

மண்மேட்டடியில் சேறு முழங்கால் வரை இழுத்தது. சோடா குடையைப் பிடித்தான். குடை மேடத்தை மறைத்தது, சோடாவை மறைக்கவில்லை. ஆனாலும் அவன் உற்சாகமாக இருந்தான். குறிபார்த்துச் சுடுகிறவனின் மூளையும் கூர்மையாகிவிடும் போலிருக்கிறது, இந்த வழக்கு அவனுக்கு வரும் வழியிலேயே புரிந்துவிட்டது.

"மேடம், அஞ்சாம் பாயில படுத்திருந்த பையன் யாருன்னு தெரியுமா? டாக்டரோட அக்கா மகன்."

"ம்."

"கிளப்ல அந்தப் பொண்ணுக்கு அடுத்தபடி நல்லா சுடறவன் அவன். அவ போயிட்டா தேர்வுக்கு யாரு போவாங்க?"

"அவன்."

"அப்புறம் என்ன! வேணும்னே விளக்கைச் சுட்டிருக்கான். மாமா வந்து பழியை அந்தப் பொண்ணு மேல போடறார். கச்சிதமான திட்டம்."

"அவன் பேப்பர்ல பத்துத் துளை இருக்கு சோடா. குடுத்தது பத்துக் குண்டு. விளக்குக்குப் பதினோராவது குண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

சோடா அசரவில்லை. "பேப்பரை மாத்திட்டான்! அவளோட பேப்பரை அவன் எடுத்துக்கிட்டு, அவளுக்குப் புதுசா ஒண்ணு..."

"பேப்பர்ல நம்பர் அச்சடிச்சிருக்கு."

"அழிச்சிருப்பான்."

"பரவாயில்ல, நீ காலையிலேர்ந்து ரொம்ப நம்பிக்கையா இருக்கே" என்றார் மேடம். "வா, அந்தப் பேப்பரையே பார்த்துடலாம்."

அறைக்குத் திரும்பினார்கள். மேடம் கைப்பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கொடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, துணி எடுக்கப் போனவர் புடவைக் கரையைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு காகிதமாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்தாம் நம்பரில் நின்றார். சோடா வெற்றிப் புன்னகையோடு பக்கத்தில் வந்தான்.

"இந்தத் துளைங்களைப் பாரு."

பார்த்தான். மூன்று நான்கு துளைகள் சுத்தமாக, வட்டமாக இருந்தன. மற்றவை ஓரமெல்லாம் பிய்ந்து, நூல் நூலாகத் தொங்கின.

"ஈரக் காகிதத்துல ஊசி குத்தினாலே கிழியும்" என்றார் மேடம். "சுட ஆரம்பிக்கும்போது பேப்பர் காஞ்சிருந்தது. பாதியில மழை பிடிச்சுது. அதுக்கப்புறம் சுட்டதெல்லாம் பிய்ஞ்சு போச்சு. எல்லாப் பேப்பரும் இப்படித்தான் இருக்கு. முன்னாடி சுட்டது வட்டம், பின்னாடி சுட்டது கந்தல். என்னோட மூணுமே கந்தல்தான்."

"அப்ப பையன் பேப்பர் நிஜமாவே அவனோடதுதானா?"

"ஆமா. மழைக்கு முன்னாடியும் சுட்டிருக்கான், மழையிலயும் சுட்டிருக்கான். பாவம், அவனை விட்டுடு." மேடம் ஓர் அடி தள்ளி, ஆறாம் நம்பருக்கு முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். கோச் நின்ற அதே நிலையில்.

சோடாவுக்கு மறுபடி கூச்சம் வந்தது. "ஏதோ மேடம், தானா வந்துடுச்சு."

"சோடா, நீ சுட்டு முடிக்கும்போது மழை எப்படி இருந்துச்சு?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு மேடம். எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அவன் கண் அந்தப் பத்துத் துளைகளின் மேல் போனது. பத்தும் சுத்தமாக, வட்டமாக, ஓரத்தில் ஒரு பிசிறு இல்லாமல் இருந்தன. மழைக்கு முன்னாலேயே, காய்ந்த காகிதத்தில், கைதேர்ந்த யாரோ மளமளவென்று போட்டுவிட்டு எழுந்து போன துளைகள்.

"கொட்டகைக்கு வா" என்றார் மேடம், கொஞ்சம் மெதுவாக.

* * *

கொட்டகையில் யாரும் இல்லை. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பாய்கள் காலையில் போட்ட இடத்திலேயே கிடந்தன.

"ஏழாம் பாயில படு."

சோடா படுத்தான். ரப்பர் சில்லென்று வயிற்றில் ஒட்டியது. படுக்கும் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதில் இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதுவே ஒரு வருத்தம்.

"நேரா பாரு. உன் எதிர்ல எந்த நம்பர்?"

"ஆறு."

"ஏழு எங்க?"

"கொஞ்சம் வலது பக்கமா." சோடா பாயில் நெற்றியை வைத்துக்கொண்டான். "பாயெல்லாம் ஒரு இடம் இடது பக்கம் நகர்ந்திருக்கு மேடம். டார்கெட் நகரலை. பாய் நகர்ந்தாலும் உங்க நம்பரைப் பார்த்துத்தான் சுடணும்னு கோச் சொன்னாங்க."

"அப்ப அந்தப் பொண்ணு எங்க இருந்தா?"

சோடா யோசித்தான். அவள் அப்போது வெளியில் இருந்தாள். இலக்குகளை மாட்டிவிட்டு ஓடி வந்தாள், காதடைப்பைக் கழற்றாமலே கடைசி ஆளாகப் பாயில் விழுந்தாள்.

"புதுசா வந்த நாம எல்லாரும் பயந்து பயந்து நம்பரைத் தேடித் தேடிச் சுட்டோம்" என்றார் மேடம். "அவ வருஷக்கணக்கா ஏழாம் பாயில படுத்து, எதிர்ல இருக்கிறதைச் சுட்டுப் பழகினவ. குறி பார்க்கிற துளையில கண்ணை வெச்சா அவளுக்குக் கறுப்பு வட்டம்தான் தெரியும், கீழ இருக்கிற பலகை தெரியாது. நல்லா சுடத் தெரிஞ்சவங்க மட்டும்தான் செய்ய முடியற தப்பு இது. உன்னால செய்யவே முடியாது."

"ஆறுல இருபது துளை இருந்திருந்தா காலையிலயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"பத்துதானே இருந்துச்சு. பத்துக் குண்டு, பத்துத் துளை, கணக்கு சரியாப் போச்சு. ஒரு மனுஷன் பத்தையுமே தவற விடுவான்னு யாருக்கும் தோணலை." மேடம் பெருமூச்சு விட்டார். "எனக்கே தோணலை. உன்னோட இத்தனை வருஷம் வேலை பார்த்தும்."

சோடா எழுந்து உட்கார்ந்தான். அவனுடைய பத்துக் குண்டுகளில் ஒன்று எங்கே போனது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேட்டின் மேல் மொட்டையாக நின்ற விளக்கு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ரோடு. யாராவது நடந்து போயிருந்தால் என்று டாக்டர் கேட்டது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தது. மனைவி. "அம்மா உங்க படத்தைப் பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் காட்டிட்டாங்க."

இன்னொருவனாக இருந்தால் மேடத்திடம் ஏதாவது பேசிப் பார்த்திருப்பான் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், சோடாவும் பேசிப் பார்க்கத்தான் நினைத்தான். வாய் வரைக்கும் வந்தது. விளக்கு காற்றில் உடைந்திருக்கலாமே, ஏதாவது பறவை வந்து மோதியிருக்கலாமே. ஆனால் சாமான் அறையின் ஜன்னல் கொட்டகைப் பக்கமாகத் திறந்திருந்தது. அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள், இப்போது சத்தமில்லாமல், விசும்பல் மட்டும். பத்து வயதிலிருந்து செய்ததை இன்று சாயங்காலத்தோடு விடப்போகிறவள். அவனோ காலையில் முதல் தடவையாகத் துப்பாக்கியைத் தொட்டு, அதையும் கெடுத்தவன்.

"டாக்டர் எங்க இருக்கார் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தான்.

* * *

"நான்தான் சுட்டேன் டாக்டர். விளக்கை."

டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். மேடம் காகிதங்களைக் காட்டி, பாய்கள் நகர்ந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நம்பற மாதிரிதான் இருக்கு. ஒண்ணைத் தவிர." சோடாவை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு மோசமாச் சுட்டாலும் பத்துல ஒண்ணாவது குருட்டாம்போக்குல படும். ஒண்ணுகூடப் படலைன்னா எப்படி? அந்தப் பொண்ணு அழறதைப் பார்த்துட்டு சார் பெருந்தன்மையா பழியை ஏத்துக்கறார்னு நினைக்கிறேன்."

வாழ்நாள் முழுக்க அவனுடைய திறமையின்மையை எல்லோரும் கேட்காமலே நம்பினார்கள். தேவைப்படுகிற ஒரே ஒரு நாளில் அத்தாட்சி கேட்கிறார்கள்.

"சுட்டுக் காட்டட்டுமே" என்றார் மேடம்.

கோச் வந்தார். சொன்னதைக் கேட்டார். அவர் கண்ணில் எதுவோ எட்டிப் பார்த்தது. அதை உடனே மறைத்துக்கொண்டார். "நான் பக்கத்துல படுத்து குழலைப் பிடிச்சுக்கறேன். மேல எழும்ப விடமாட்டேன். அஞ்சு குண்டு போதும்."

எட்டு இலக்குகளிலும் புதுக் காகிதம் மாட்டினார்கள்; சோடாவுக்கு ஆறு. விளக்கு இல்லாததால் மேட்டுக் கம்பத்தில் யாரோ ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினார்கள். டாக்டர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். பயிற்சிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் டீயோடு வந்து பின்னால் நின்றார்கள். கோச்சின் மகளும் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

சோடா படுத்தான். தெரியாத்தனமாக ஒன்று பட்டுவிட்டால்? வேறு எங்கேயாவது பார்த்துச் சுட்டுவிடலாமா என்று யோசித்தபோது மேடம் குனிந்து காதோரம் சொன்னார்: "வேணும்னே தப்பாச் சுடாதே. கோச் பக்கத்துல இருக்காங்க, கண்டுபிடிச்சிடுவாங்க. உன் முழுத் திறமையையும் காட்டு."

காட்டினான். கறுப்பு வட்டத்தின் நடுவைப் பார்த்து, மூச்சைப் பிடித்து, மனசார, உயிரைக் கொடுத்துச் சுட்டான்.

"மண்" என்றார் டாக்டர்.

இரண்டாவது.

"மண்."

மூன்றாவது.

"தண்ணி. நடுவுல ஒரு குட்டை இருக்கு, அதுல விழுந்துச்சு."

நான்காவது.

"பேப்பர்!" என்றார் டாக்டர். பின்னால் நின்றவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். தூணைப் பிடித்திருந்த கை இறுகியது. டாக்டர் தொலைநோக்கியைத் திருகினார். "நாலாம் நம்பர் பேப்பர்."

யாரோ சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பார்க்காமல் சோடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், விசையை இழுக்கும்போது ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கறீங்க" என்றார் தணிந்த குரலில். "தலையைப் பின்னாடி இழுக்கறீங்க. குழல் மேல தூக்குது. என் கையையே தள்ளுது. காலையில நான் பின்னாடி நின்னேன், முகத்தைப் பார்க்கலை. என் தப்பும்தான்."

"கண்ணைத் திறந்துட்டுச் சுடணுமா?" என்றான் சோடா. அவனுக்கு அது நிஜமாகவே தெரியாது.

ஐந்தாவது. டாக்டர் தொலைநோக்கியின் முனையைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஆறுல பட்டிருக்கு" என்றார் டாக்டர்.

சோடா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். போயிற்று. பிறந்ததிலிருந்து ஒருநாளும் எட்டிப் பார்க்காத அதிர்ஷ்டம், வரக் கூடாத நேரம் பார்த்து வந்து தொலைந்தது.

"பேப்பர்ல இல்லை" என்றார் டாக்டர், தொலைநோக்கியை விட்டு நிமிர்ந்து. "கீழ இருக்கிற பலகையில. ஆறுங்கற நம்பர் ரெண்டாப் பிளந்துடுச்சு. முப்பது வருஷமா இந்த கிளப்ல இருக்கேன் சார். உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை. நான் நம்பறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சோடாவுக்கு எழுந்து வணங்குவதா, மண்ணைத் தட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தான்.

கோச் அறைக்கு ஓடினார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. காலைக் காகிதத்தைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். அவள் ஒரே பார்வையில், "இது என்னோடதும்மா" என்றாள். "பாரு, எல்லாமே ஒரு இழை இடது பக்கம். காலையில குறி பார்க்கிற சைட்டைத் திருப்பிச் சரிபண்ண மறந்துட்டேன்."

"அடுத்தவங்க டார்கெட்டைச் சுட்டதுக்கு உனக்கு முட்டை மார்க்" என்றார் கோச். "எட்டுப் பாயையும் நீதான் கழுவற." அதற்கு மேல் கறாராக இருக்க முடியவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அவள் ஈரத் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டார்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சட்டம் சட்டம்தான். சார் இனிமே துப்பாக்கியைத் தொடக் கூடாது."

"எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றான் சோடா, நன்றியோடு. "மேடத்துக்குக் காட்டணும்."

* * *

காரில் மேடம் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார். சோடா மடியில் ஒரு காகிதம். ஆறாம் நம்பர், ஒரு துளையும் இல்லாமல். செல்போனில் மனைவியின் வாக்கியம் இன்னும் அப்படியே இருந்தது. மனசு வெச்சா எதையும் செய்வீங்க. அவன் அதை இன்னொரு தடவை படித்துக்கொண்டான், கடைசித் தடவையாக.

பிறகு வெள்ளைக் காகிதத்தைப் படம் எடுத்து, நடந்ததை நாலு வரியில் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான். கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்தான் அவனுக்குப் பழக்கம் இருந்தது.

மச்சினன் முந்திக்கொண்டான். "இது உங்களோடதுதான் மாமா. நம்பறேன்."

மனைவியிடமிருந்து பதில் வரவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். சோடா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான். கடைசியில் வந்தது: "அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?"

என்ன எழுதுவது என்று அவன் யோசிப்பதற்குள் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். கோச்சின் மகள். நனைந்து சொட்டச் சொட்ட ஓடி வந்திருந்தாள். கையில் அவனுடைய குடை. நேற்றுப் பாடத்தில் சொன்னபடி முனையை யார் மேலும் படாமல் வானத்தைப் பார்க்கப் பிடித்திருந்தாள்.

"அங்கிள், ஆறாம் பாய்கிட்ட விட்டுட்டுப் போயிட்டீங்க. ஆபத்துன்னா உங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதானாமே? மேடம் சொன்னாங்க."

சோடா குடையை வாங்கிக்கொண்டான். மேடம் எதிரே இருந்த கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். அந்தப் பெண் கையசைத்துவிட்டு, சேற்றில் வழுக்கி, சமாளித்து, தானே சிரித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் ஓடினாள்.

"சிரிக்குது" என்று சோடா தட்டி அனுப்பினான்.